போட்டோ எடுக்காமல் கொடுங்கள்

(உலக எய்ட்ஸ் தினத்தை ஒட்டி நாமக்கல்லில் பேசியதன் எழுத்து வடிவம்)

எல்லோருக்கும் வணக்கம்.

பட்டறைக்காரர்களும் கோழிப்பண்ணைக்காரர்களும் நிறைய பேர் வந்திருக்கிறீர்கள், அதனால் சுற்றி வளைக்காமல் பேசிவிடுகிறேன்.

1986-ல் சென்னையில் சில பெண்களிடம் எடுத்த ரத்தத்தை வேலூர் சி.எம்.சி. மருத்துவமனையில் சோதித்தபோதுதான் இந்தியாவுக்குள் எச்.ஐ.வி. வந்துவிட்டது என்பதே தெரிந்தது. டாக்டர் சுனிதி சாலமனும் அவருடைய மாணவி நிர்மலாவும் செய்த வேலை அது. அப்புறம் கொஞ்ச வருஷத்திலேயே நம் மாவட்டத்தின் பெயர் அடிபட ஆரம்பித்தது. கர்ப்பிணிகளுக்கு எடுத்த கண்காணிப்புச் சோதனையில் நூற்றுக்கு ஒருவருக்கு மேல் தொற்று இருந்த மாவட்டம் இது. பழியெல்லாம் லாரி ஓட்டுகிறவர் தலையில் விழுந்தது; ஆனால் வயிற்றில் பிள்ளையோடு போய், தனக்கும் இருக்கிறது என்று கேட்டுவிட்டு வெளியே வந்து நின்ற பெண்ணுக்கு ஒரு ஆறுதல் வார்த்தை சொல்ல அன்றைக்கு ஆளில்லை.

தமிழ்நாடு இதை அடக்கிக் காட்டியது, அதைப் பெருமையாகவே சொல்கிறேன். எய்ட்ஸ் பற்றி எச்சரித்த புள்ளிராஜா விளம்பரம் உங்களுக்கெல்லாம் ஞாபகம் இருக்கும். ஆஸ்பத்திரிகளில் எச்.ஐ.வி. சோதனையும் ஆலோசனையும் தரும் நம்பிக்கை மையம் வந்தது, 2004-ல் தாம்பரம் சானடோரியத்தில் எச்.ஐ.வி.யை அடக்கி வைக்கும் கூட்டு மருந்தை இலவசமாகக் கொடுக்கத் தொடங்கினார்கள். இன்றைக்கு நாட்டிலேயே அதிக தொற்று விகிதம் மிசோரமில், பெரியவர்களில் கிட்டத்தட்ட 2.7 சதவீதம். நாடு முழுக்க எடுத்தால் 0.2 தான்.

சரி, எண்ணிக்கை குறைந்தது. கூடவே வெளிநாட்டுப் பணமும் குறைந்தது. ஆனால் தொற்றோடு இருப்பவர்கள் இங்கேதான் இருக்கிறார்கள், மருந்து ஒழுங்காகச் சாப்பிட்டு, நல்லபடியாக, வயதாகிக்கொண்டு. வைரஸ் அளவு சோதனையில் தெரியாத அளவுக்குக் குறைந்து, அப்படியே நீடித்தால் உடலுறவில் அடுத்தவருக்குத் தொற்றாது என்பது உறுதியாகிவிட்ட உண்மை, இதையாவது இன்றைக்கு வீட்டில் போய்ச் சொல்லுங்கள்.

எனக்குத் தெரிந்த ஒரு அக்கா அந்தக் கூட்டு மருந்து கொடுக்கும் ஏ.ஆர்.டி. மையத்தில் மாத்திரை வாங்கியதும் அங்கேயே பெஞ்சில் உட்கார்ந்து டப்பாவின் லேபிளை நகத்தால் சுரண்டி எடுப்பார். அப்புறம் உள்ளே பஞ்சு திணிப்பார். பஸ்ஸில் பையை மடியில் வைக்கும்போது மாத்திரை குலுங்கும் சத்தம் கேட்டு யாராவது என்ன ஏது என்று கேட்டுவிடக் கூடாதாம். மாத்திரை இலவசம்தான், ஆனால் வரிசையில் நிற்கிற அன்றைக்குக் கூலி போச்சு, முதலாளியிடம் சொல்ல ஒரு பொய்யும் தேடியாக வேண்டும்.

நாம் கொடுக்கிற உதவி இவருக்கு எப்படிப் போய்ச் சேர்கிறது? டிசம்பர் 1 அன்று மேடை போட்டு, பேனர் கட்டி, பிள்ளைகளை வரிசையாக நிற்க வைத்து நோட்டுப் புத்தகம் கொடுக்கிறோம். அப்படி ஒரு போட்டோ வாட்ஸ்அப்பில் சுற்றி, அதில் இருந்த பையன் ஒருவன் பள்ளிக்கூடத்தையே மாற்ற வேண்டியதாகிவிட்டது. கொடுத்தவர் நல்ல மனுஷர், அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. ஆனாலும் அந்தப் பிள்ளை பட்டது பட்டதுதான். ஒருவருக்கு எச்.ஐ.வி. இருப்பதை அவர் சம்மதம் இல்லாமல் வெளியே சொல்வதை 2017-ல் வந்த சட்டமே தடுக்கிறது.

பாதிக்கப்பட்ட குழந்தைகளுக்காக 2009-ல் தமிழ்நாடு அரசு ஒரு அறக்கட்டளை தொடங்கியது. ஒரு தொகையை முதலாகப் போட்டு, அதன் வட்டியில் படிப்புக்கும் சத்துணவுக்கும் உதவுவது. முதல் அப்படியே இருக்கும், உதவியும் வருஷா வருஷம் தொடரும். ஊர் அளவில் நாமும் இப்படிச் செய்யலாமே? ஒரு பெண்ணின் நர்சிங் படிப்புக்கான கட்டணத்தை நேராகக் கல்லூரிக்கே கட்டுங்கள், ரசீதில் காரணம் எதுவும் வேண்டாம். பண்ணை வைத்திருப்பவர்கள் வாரம் ரெண்டு அட்டை முட்டை கொடுத்தாலே எத்தனையோ வீட்டில் பிள்ளைகள் தேறிவிடும். காசநோய் இவர்களைத்தான் முதலில் பிடிக்கிறது, உடம்பில் தெம்பு வேண்டும்.

கூட்டம் முடிந்ததும் பின்வாசல் பக்கம் இருப்பேன். யாருக்குப் போகிறது என்று கேட்காமல் கொடுக்க முடிகிறவர்கள் அங்கே வாருங்கள், பேசுவோம்.