கூட்டம் முடிந்த பிறகு என்ன மிஞ்சுகிறது?

[திரையில்: கூட்ட அறை. கடைசி ஸ்லைடு மறைகிறது, விளக்குகள் எரிகின்றன.]

ஒரு நிறுவனத்துக்குப் போய் உங்கள் பொருளைப் பற்றிப் பேசி முடித்துவிட்டீர்கள். எல்லோரும் தலையாட்டினார்கள், ஒருவர் கையைக்கூடக் குலுக்கினார். சரி, நாளைக்கு அவர் தன் மேலதிகாரியிடம் உங்களைப் பற்றி என்ன சொல்வார்? முடிவெடுப்பவர் பல நேரம் அந்த அறையிலேயே இருப்பதில்லை. உங்கள் பேச்சு இன்னொருவர் வாய்வழியாகத்தான் அவரிடம் போய்ச் சேர்கிறது. அதுவரை மறக்காமல் இருக்க, அதைக் கதையாகச் சொல்லிப் பார்க்கலாம்.

[திரையில்: பத்துச் சொற்கள், ஒன்றன்கீழ் ஒன்றாக.]

1969-இல் கார்டன் பவர், கிளார்க் என்ற இரு உளவியலாளர்கள் ஒரு சோதனை நடத்தினார்கள். பத்துப் பத்துச் சொற்களாக 12 பட்டியல்கள். ஒரு குழு அந்தச் சொற்களைக் கோத்துக் கதை கட்டிக்கொண்டது. இன்னொரு குழு அதே நேரத்தில் தன் போக்கில் மனப்பாடம் செய்தது. ஒவ்வொரு பட்டியல் முடிந்த கையோடு கேட்டபோது இரண்டு குழுவும் கிட்டத்தட்ட முழுதாகவே ஒப்பித்தன. எல்லாப் பட்டியலும் முடிந்து மறுபடி கேட்டார்கள். கதை கட்டியவர்களுக்கு 93 சதவீதம் நினைவில் இருந்தது. மற்றவர்களுக்கு 13.

அவை அவர்களே கட்டிக்கொண்ட கதைகள். நாம் சொல்லும் கதைக்கும் அதே எண் கிடைக்கும் என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. எனக்கு முக்கியமாகப் படுவது முதல் பாதிதான்: உடனே கேட்டால் வித்தியாசமே தெரியவில்லை! அறையில் கிடைக்கும் தலையாட்டலை நான் நம்பாததற்கு அது ஒரு காரணம்.

ஓர் உதாரணம் பார்க்கலாம். கணக்கு மென்பொருள் விற்கிறீர்கள். வழக்கமாகச் சொல்வது: "எங்கள் மென்பொருள் பிழைகளைக் குறைத்து, மாத இறுதி வேலையை விரைவாக்குகிறது." பொய்யில்லை. ஆனால் இதே வரியை உங்கள் போட்டியாளரும் சொல்லியிருப்பார்.

[திரையில்: இருண்ட அலுவலகம். ஒரே ஒரு மேசை விளக்கு.]

இப்போது இதைக் கேளுங்கள். மாதக் கடைசி நாள், இரவு ஒன்பதரை மணி. கணக்காளர் ஒருவர் மட்டும் வீட்டுக்குப் போகவில்லை. இரண்டு மொத்தங்களுக்கும் நடுவே 27 உதைக்கிறது. ஒன்பதால் வகுபடும் வித்தியாசம் வந்தால், எங்கோ இரண்டு இலக்கங்கள் இடம் மாறியிருக்கலாம். கணக்கெழுதுகிறவர்களுக்குத் தெரிந்த சங்கதிதான், அவருக்கும் தெரியும். எங்கே என்பதுதான் தெரியவில்லை. வரிவரியாக விரலை ஓட்டுகிறார். பதினொன்றேகாலுக்கு அகப்படுகிறது: 63 இருக்க வேண்டிய இடத்தில் 36. அப்புறம் நீங்கள் சொல்ல வேண்டியது ஒரே வரி. "அந்த 36-ஐ அடித்த உடனேயே பில்லோடு ஒப்பிட்டு, எங்கள் மென்பொருள் சிவப்பில் காட்டியிருக்கும்."

மென்பொருள் கடைசியில்தான் வந்தது, கவனித்தீர்களா? நிறுவனங்கள் சொல்லும் கதைகள் பெரும்பாலும் இங்கேதான் சறுக்குகின்றன. எந்த வருடம் தொடங்கினோம், முதல் அலுவலகம் எவ்வளவு சின்னது, நிறுவனர் எத்தனை நாள் தூங்கவில்லை என்று போய்க்கொண்டே இருக்கும். கேட்பவர் அதில் எங்கே போய் உட்காருவார்? கணக்காளர் மேசையில் அவருக்கு ஒரு நாற்காலி இருக்கிறது.

[திரையில்: புள்ளி வைத்த ஐந்து வரிகள். நடுவே கோடுகள் இல்லை.]

இன்னொன்று, கோர்வை. "அப்புறம்... அப்புறம்..." என்று அடுக்கினால் அது பட்டியல்தான். "ஆனால்", "அதனால்" என்று நகர்ந்தால்தான் கதை. அமேசானில் ஜெஃப் பெசோஸ் 2004-இல் மேலாளர் கூட்டங்களில் பவர்பாயின்ட் வேண்டாம் என்றார். அதற்குப் பதில் முழு வாக்கியங்களில் எழுதிய குறிப்பு, கூடிப்போனால் ஆறு பக்கம். கூட்டத்தின் தொடக்கத்தில் எல்லோரும் அதை மௌனமாகப் படிப்பார்கள். அதை யாரும் கதை என்று சொல்ல மாட்டார்கள்தான். ஆனாலும் புள்ளி வைத்த வரிகளில் இரண்டு விஷயங்களைப் பக்கத்தில் பக்கத்தில் போட்டுவிட்டுத் தப்பிக்கலாம். வாக்கியமாக எழுதும்போது இதனால் அது எப்படி வந்தது என்று சொல்லியாக வேண்டும்.

கதை நடந்ததாக இருக்கட்டும். கற்பனை என்றால் "இப்படி வைத்துக்கொள்வோம்" என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள். வாடிக்கையாளருடையது என்றால் கேட்டுவிட்டுச் சொல்லுங்கள். சர்வர் எத்தனை மணிக்கு நிற்கும் என்று அறிவிக்கக் கதை வேண்டாம், மணியைச் சொன்னால் போதும்.

[திரையில்: மறுநாள் காலை. மேலதிகாரியின் அறை.]

"நேற்று வந்தாங்களே, யார் அவங்க?"

"சார், மாசக் கடைசி ராத்திரி. கணக்குல 27 உதைக்குது..."