கோர் குறைவு, மெமரி குறைவு, ஆனாலும் வேகம் அதிகம்! என்விடியாவின் கிராஃபிக்ஸ் கார்டுகளில் ஆர்டிஎக்ஸ் 3060 வாங்கலாமா, 4060 வாங்கலாமா?

(திரையில்: இரண்டு கார்டுகள் அருகருகே. கீழே எண்கள் ஒவ்வொன்றாக வருகின்றன.)

வணக்கம் மக்களே! முதல் கார்டு 3060, இரண்டாவது 4060. முதல் கார்டில் 3584 கோர், அதாவது கணக்குப் போடுகிற சின்ன அலகுகள், இரண்டாவதில் 3072. முதல் கார்டில் 12 ஜிபி மெமரி, இரண்டாவதில் 8. மெமரி பஸ், அதாவது மெமரிக்குப் போகிற வழியின் அகலம், அதில் 192 பிட், இதில் 128. இப்போது கேம் போட்டால் எது முந்தும்? காகிதத்தில் இந்த மூன்று எண்ணிலும் தோற்கிற இரண்டாவது கார்டுதான்! அது எப்படி என்று பார்க்கலாம். அதோடு, முந்துகிற கார்டைத்தான் வாங்க வேண்டுமா என்பதையும் பார்க்கலாம். தர்மபுரி, கிருஷ்ணகிரி பக்கம் இருக்கிற நம்ம ஆட்களில் பாதிப்பேருக்கு என் பதில் வேறு.

வரலாற்றைச் சட்டென்று முடித்துவிடுகிறேன். 3060 வந்தது 2021 பிப்ரவரி, அறிமுக விலை 329 டாலர். 4060 வந்தது 2023 ஜூன், 299 டாலர். முதலாவது சாம்சங்கின் 8 நானோமீட்டர் சிப், இரண்டாவது தைவானின் டிஎஸ்எம்சி கம்பெனி செய்தது. போதும்.

(திரையில்: சிப்பின் உள்படம். நடுவில் எல்2 கேஷ் மட்டும் மஞ்சளில்.)

4060 முந்துவதற்கு முதல் காரணம் கிளாக், அதாவது சிப் துடிக்கிற வேகம். 3060 பூஸ்டில் 1.78 கிகாஹெர்ட்ஸ் ஓடும், 4060 2.46 போகும். கோர் குறைந்தாலும் ஒவ்வொரு கோரும் வேகமாக வேலை செய்கிறது. ஆனால் எனக்குப் பிடித்தது இரண்டாவது காரணம். 3060-இல் எல்2 கேஷ் வெறும் 3 எம்பி. 4060-இல் 24 எம்பி. எட்டு மடங்கு!

கிருஷ்ணகிரி பக்கம் மாங்கூழ் ஃபேக்டரியை நினைத்துக்கொள்ளுங்கள். வளாகத்துக்குள் பழம் குவிக்க இடமில்லை என்றால் லாரி வந்துகொண்டே இருக்க வேண்டும், ரோடும் அகலமாக இருக்க வேண்டும். உள்ளேயே பெரிய கிடங்கு இருந்தால் ரோடு குறுகலாக இருந்தாலும் மெஷின் நிற்காது. அந்தக் கிடங்குதான் கேஷ். மெமரிக்குப் போகிற ரோடு 3060-இல் விநாடிக்கு 360 ஜிபி, 4060-இல் 272தான். ஆனாலும் 1080பி-யில் ஃப்ரேம் ஜெனரேஷன் (செயற்கையாக ஃப்ரேம் சொருகும் வசதி, பிறகு சொல்கிறேன்) இல்லாமலே சுமார் 20 சதவீதம் வேகம் கூடும் என்று என்விடியாவே சொன்னது. வெளியே சோதித்தவர்களின் எண்களும் பெரும்பாலும் அந்தப் பக்கம்தான் நிற்கின்றன. 4கே-வுக்குப் போனால் தேவைப்படும் டேட்டா கிடங்குக்குள் அடங்காது, குறுகின ரோடு தெரிய ஆரம்பிக்கும். அதனால்தான் இந்தக் கார்டின் விளம்பரம் முழுக்க 1080பி.

சரி, பழைய கார்டுக்கு 12 ஜிபி, புதுக் கார்டுக்கு 8 ஜிபி. இது என்ன நியாயம்? இந்தக் கேள்வி கமெண்டில் வராத வாரமே இல்லை.

(திரையில்: பலகையில் மெமரி சிப்புகள். ஆறு, பிறகு நான்கு.)

இந்த மெமரி சிப் ஒவ்வொன்றும் 32 பிட் இணைப்பில் உட்காரும். 192-ஐ 32-ஆல் வகுத்தால் ஆறு. ஆக 3060-இல் ஆறு சிப். அந்தச் சிப் 1 ஜிபி, 2 ஜிபி என்று இரண்டு அளவில் கிடைத்தது. 1 ஜிபி போட்டால் மொத்தம் 6, 2 ஜிபி போட்டால் 12. நடுவில் 8 என்கிற பேச்சுக்கே இடமில்லை. 2021-இல் 6 ஜிபி கார்டை விற்றால் ஊரே சிரிக்கும், அதனால் 12! தாராள மனசு எல்லாம் இல்லை மக்களே, வகுத்தல் கணக்கு. 4060-இல் பஸ் 128 பிட், அதனால் நான்கு சிப், ஆளுக்கு 2 ஜிபி, மொத்தம் 8. பலகையின் இரண்டு பக்கமும் சிப் ஒட்டினால் 16 ஆக்கலாம். 4060 டிஐ-யில் அப்படி ஒரு மாடலை விட்டார்கள். சாதாரண 4060-க்கு அந்தப் பாக்கியம் இல்லை. 2025 மே மாதம் வந்த 5060-இலும் அதே 8தான். இந்தச் சிக்கனம் எனக்குச் சுத்தமாகப் பிடிக்கவில்லை.

இப்போது நம்ம ஊர்க் கதைக்கு வருவோம். இங்கே பாதி சிஸ்டம் பழசு. பெங்களூரு எஸ்.பி. ரோட்டுக்குப் போய் பி450, எச்310, எச்410 மதர்போர்டு வாங்கிப் போட்டு வருஷக்கணக்கில் ஓட்டுகிறவர்கள் நிறைய. இந்தப் போர்டில் கார்டு செருகுகிற இணைப்புக்குப் பெயர் பிசிஐஇ, இதில் எல்லாம் அது மூன்றாம் தலைமுறை. 4060-ஐ ஸ்லாட்டில் செருகினால் முழு நீளத்துக்கு உட்காரும், ஆனால் உள்ளே 8 லேன்தான், அதாவது டேட்டா போகிற 8 தடம்தான், வேலை செய்யும். புதுப் போர்டில் அது விநாடிக்குச் சுமார் 16 ஜிபி, பழைய போர்டில் பாதி, 8 ஜிபி. 3060-க்கு 16 லேன், அதனால் பழைய போர்டிலும் அதற்கு அந்த 16 கிடைக்கும்.

மெமரி நிரம்பாத வரை இந்த வித்தியாசம் பெரிதாகத் தெரியாது. 8 ஜிபி நிரம்பி வழியும்போதுதான் வினை. மிச்சத்தைக் கம்ப்யூட்டரின் ராமில் வைத்து இந்த லேன் வழியாகத்தான் இழுக்க வேண்டும். கேம் ஓடிக்கொண்டே இருக்கும், திடீரென்று விக்கும். சராசரி எஃப்பிஎஸ் (விநாடிக்கு எத்தனை ஃப்ரேம்) நன்றாகத்தான் காட்டும், உங்கள் கண்தான் எரியும்.

பென்னாகரத்திலோ அரூரிலோ கல்யாண ஸ்டுடியோ வைத்திருக்கும் அண்ணன்களே, இது உங்களுக்கு. முகூர்த்தம் 4கே-யில், ட்ரோன் ஷாட் வேறு, டாவின்சி ரிசால்வ் எடிட்டிங் சாஃப்ட்வேரில் கலர் செய்து நாய்ஸ் ரிடக்‌ஷன் போட்டால் ஜிபியு மெமரி, அதாவது கார்டின் மெமரி, நிரம்பிவிட்டது என்று செய்தி வந்து நிற்கும். அந்த இடத்தில் 20 சதவீத வேகம் எதற்கு உதவும்? மணமகள் வீட்டார் ஆல்பம் எப்போது, வீடியோ எப்போது என்று போன் மேல் போன் போடுவார்கள். 12 ஜிபி 3060-ஐ எடுங்கள். சொந்தக் கம்ப்யூட்டரில் ஏஐ படம் உருவாக்கிப் பார்க்கிற மாணவர்களுக்கும் இதே பதில்தான்.

யூடியூபில் லைவ் போடுகிறவர்களுக்கு மட்டும் 4060. ஏவி1 என்கிற புது வீடியோ வடிவத்தை உருவாக்கும் என்கோடர் அதில் இருக்கிறது, 3060-இல் ஏவி1 வீடியோவைப் பார்க்கத்தான் முடியும், உருவாக்க முடியாது.

கரண்ட் கணக்கு: 3060 170 வாட், 4060 115. தினமும் நாலு மணி நேரம் கேம் என்றால் இரண்டு மாத பில்லில் 13 யூனிட் வித்தியாசம். ஏற்கெனவே 500 யூனிட் ஓரத்தில் நிற்கிற வீடு என்றால் பில் எப்படித் துள்ளும் என்று அப்பாவைக் கேளுங்கள். மே மாத வெயிலில் ரூமும் கொஞ்சம் குளிர்ச்சி.

என்விடியாவின் ஃப்ரேம் ஜெனரேஷன் இந்த இரண்டில் 4060-இல் மட்டும்தான். இரண்டு உண்மையான ஃப்ரேமுக்கு நடுவில் ஒன்றைக் கற்பனையாக வரைந்து சொருகும். பார்க்க வழுக்கிக்கொண்டு போகும், ஆனால் மவுஸ் அசைவு வேகமாகாது. கடைக்காரர் காட்டுகிற வேக வரைபடத்தின் உயரமான பாரில் இது கலந்திருக்கிறதா என்று கேளுங்கள்.

ஆக, புதுப் போர்டு, 1080பி மானிட்டர், கேம் அல்லது லைவ் மட்டும் என்றால் கண்ணை மூடிக்கொண்டு 4060. மற்றவர்கள் 3060 பழசாகத் தேடலாம், ஆனால் இரண்டு இடத்தில் கவனம் வேண்டும்.

ஒன்று, மைனிங், அதாவது கார்டை ஓடவிட்டு எத்தீரியம் போன்ற கிரிப்டோ காசு சம்பாதிப்பது. இந்தக் கார்டு வரும்போதே எத்தீரியம் மைனிங்கைப் பாதியாக்கும் பூட்டோடு வந்தது. அடுத்த மாதமே என்விடியா தவறுதலாக விட்ட ஒரு சோதனை டிரைவர் அந்தப் பூட்டைத் திறந்துவிட்டது! தன் வீட்டுச் சாவியைத் தானே தெருவில் போட்ட கம்பெனியை நான் வேறெங்கும் பார்த்ததில்லை. 2022 செப்டம்பரில் எத்தீரியம் மைனிங்கே நின்றது, இரவு பகலாக ஓடிய கார்டுகள் பழைய சந்தைக்கு வந்தன. விசிறியைச் சுற்றிப் பாருங்கள், அரை மணி நேரம் கேம் ஓடவிட்டுச் சூட்டைப் பாருங்கள்.

இரண்டு, பெயர். 2022-இல் 8 ஜிபி 3060 ஒன்றும் வந்தது. அதே பெயர், அதே 3584 கோர், ஆனால் பஸ் 128 பிட், ரோடு 240 ஜிபிதான். இதுவரை 3060-ஐப் பற்றி நான் சொன்ன நல்லது பாதி அதற்குப் பொருந்தாது. பெட்டியை நம்பாதீர்கள். விற்பவர் முன்னாலேயே, கார்டின் விவரம் காட்டுகிற ஜிபியு-இசட் சாஃப்ட்வேரைத் திறந்து பஸ் விட்த் 192 என்று வருகிறதா பாருங்கள். அதைப் பார்த்த பிறகு ஜிபேயைத் திறங்கள். உங்கள் போர்டு மாடல், பவர் சப்ளை வாட் இரண்டையும் கமெண்டில் எழுதுங்கள், எது பொருந்தும் என்று பதில் போடுகிறேன்.