முதலாம் உயிர்த்தெழுதல்: ஒரே நாளா, பல கட்டங்களா?

[திரையில்: வெளிப்படுத்தின விசேஷம் 20:5]

"மரணமடைந்த மற்றவர்கள் அந்த ஆயிரம் வருஷம் முடியுமளவும் உயிரடையவில்லை. இதுவே முதலாம் உயிர்த்தெழுதல்."

உயிர்த்தெழுதலின் வரிசையைப் பற்றி சபைகள் இன்றுவரை வாதாடுவதற்கு இந்த ஒரு வசனமே முக்கியக் காரணம். இதை நீக்கிவிட்டுப் பார்த்தால் மற்ற வேதபகுதிகள் ஒரே நாளைக் காட்டுவதுபோலத்தான் இருக்கும். யோவான் 6-ல் "கடைசிநாளில்" எழுப்புவேன் என்று இயேசு நான்கு முறை சொல்கிறார். யோவான் 5:28, 29-ல் நன்மை செய்தவர்களும் தீமை செய்தவர்களும் ஒரே சத்தத்தைக் கேட்டுப் புறப்படுகிறார்கள். வெளிப்படுத்தல் 20-ல் மட்டும், முதலில் உயிர்த்தவர்கள் கிறிஸ்துவோடு அரசாளும் ஆயிரம் வருஷம் நடுவே நிற்கிறது.

அதற்குள் போகுமுன் ஒரு குழப்பத்தைத் தீர்த்துவிடுவோம். பிரசங்கங்களில் இது அடிக்கடி வருகிறது.

[திரையில்: 1 தெசலோனிக்கேயர் 4:16, 17]

"கிறிஸ்துவுக்குள் மரித்தவர்கள் முதலாவது எழுந்திருப்பார்கள்." இதையும் "முதலாம் உயிர்த்தெழுதல்" என்பதையும் ஒட்டவைத்து, நீதிமான்கள் முதலில், துன்மார்க்கர் பிறகு என்று பவுல் சொன்னதாகப் போதிக்கிறார்கள். அடுத்த வசனத்தையும் சேர்த்துப் படியுங்கள். மரித்த விசுவாசிகள் முதலில் எழுவார்கள், பின்பு உயிரோடிருக்கும் விசுவாசிகள் அவர்களோடேகூட எடுத்துக்கொள்ளப்படுவார்கள். அங்கே ஒப்பிடப்படும் இரு கூட்டத்தாரும் விசுவாசிகளே. துன்மார்க்கரைப் பற்றி அந்தப் பகுதியில் பேச்சே இல்லை. ஆகவே இந்த வசனத்தை எந்தக் கட்சியும் தனக்குச் சாட்சியாக அழைக்க முடியாது.

இப்போது வெளிப்படுத்தல் 20.

ஆதிச் சபையின் இறையியலாளர் அகஸ்டின் தம் "கடவுளின் நகரம்" நூலின் 20-ஆம் புத்தகத்தில், முதலாம் உயிர்த்தெழுதல் ஆத்துமாவுக்குரியது, பாவத்திலிருந்து உயிர்ப்பது என்றார். ஆயிரம் வருஷம் என்பது அவருக்குச் சபையின் காலம். சரீர உயிர்த்தெழுதல் ஒன்றே, அது கடைசிநாளில். ஒருகாலத்தில் தாமும் ஆயிரவருட அரசாட்சியை ஏற்றிருந்ததாக அங்கேயே எழுதுகிறார். கத்தோலிக்கம், லுத்தரனியம், பெரும்பாலான சீர்திருத்த சபைகள் இந்த வழியில் வந்தவை.

இதற்கு எதிரான வலுவான வாதம் 19-ஆம் நூற்றாண்டில் ஆங்கிலிக்கன் விரிவுரையாளர் ஹென்றி ஆல்ஃபர்ட் வைத்தது. 4-ஆம் வசனத்தில் "உயிர்த்து", 5-ல் "உயிரடையவில்லை". கிரேக்கத்தில் இரண்டும் ஒரே வினைச்சொல். ஒரே மூச்சில் வரும் ஒரே சொல்லுக்கு முதலில் ஆவிக்குரிய பொருளும் அடுத்து சரீரப் பொருளும் கொடுத்தால் வசனத்துக்கு நிலையான பொருளே இராது என்றார் அவர்.

அகஸ்டின் வழியினர் யோவான் 5-ஐக் காட்டிப் பதில் சொல்வார்கள். 25-ஆம் வசனம் ஆத்துமாவின் உயிர்ப்பு, 28-ஆம் வசனம் கல்லறையிலிருந்து உயிர்ப்பு, இரண்டும் பக்கத்தில் பக்கத்தில்தானே இருக்கின்றன என்பார்கள். நல்ல பதில்தான். ஆனால் யோவான் 5 தானே வித்தியாசத்தைக் காட்டிவிடுகிறது: 25-ல் "அது இப்பொழுதே வந்திருக்கிறது" என்று வருகிறது, 28-ல் "பிரேதக்குழிகளிலுள்ள அனைவரும்" என்று வருகிறது. வெளிப்படுத்தல் 20-ல் அப்படி ஓர் அடையாளம் இல்லை. 4-ஆம் வசனத்தில் இருப்பவர்கள் சிரச்சேதம் பண்ணப்பட்டவர்கள். சரீரத்தில் கொல்லப்பட்டவர்கள் "உயிர்த்து" என்றால் சரீரத்தில் உயிர்த்தார்கள் என்பதே இயல்பான வாசிப்பு. இந்த இடத்தில் ஆல்ஃபர்ட் பக்கமே எடை அதிகம் என்பது எங்கள் கணிப்பு.

அப்படியானால் இரகசிய வருகைப் போதனை, அதாவது உபத்திரவம் என்னும் கடைசிக்காலத் துன்பத்துக்கு முன்பே கிறிஸ்து இரகசியமாக வந்து சபையை எடுத்துக்கொள்வார் என்பது, சரியாகிவிட்டதா? இல்லை, அதற்கென்று தனிச் சிக்கல் இருக்கிறது.

[திரையில்: காலக்கோடு. இடமிருந்து வலமாக: கிறிஸ்து எழுந்தது, சபை எடுக்கப்படுதல், ஏழு வருஷ உபத்திரவம், பகிரங்க வருகை, ஆயிரம் வருஷம், வெள்ளை சிங்காசனம் (இறுதி நியாயத்தீர்ப்பு)]

19-ஆம் நூற்றாண்டுப் போதகர் ஜான் நெல்சன் டார்பி வகுத்து, 1909-ல் வெளிவந்த ஸ்கோஃபீல்ட் வேதாகமக் குறிப்புகள் பரப்பிய வரிசை இது. உபத்திரவத்துக்கு முன்பே சபையின் மரித்தவர்கள் எழுந்துவிடுகிறார்கள். ஆனால் வெளிப்படுத்தல் 20:4-ல் எழும்புகிறவர்களில் மிருகத்தை, அதாவது உபத்திரவக் காலத்தில் வணக்கம் கேட்கும் தேவவிரோத அதிகாரத்தை, வணங்காமல் மரித்தவர்களும் உண்டு. அவர்கள் உபத்திரவத்துக்குள் செத்தவர்கள். ஏழு வருஷம் பிந்தி நடப்பதை யோவான் ஏன் "முதலாம்" என்கிறார்?

முதலாம் உயிர்த்தெழுதல் ஒரு நிகழ்ச்சி அல்ல, ஒரு வகை, அது கட்டம் கட்டமாக நடக்கும் என்பது இரகசிய வருகைக்காரர்களின் பதில். ஆதாரம் 1 கொரிந்தியர் 15:23, "அவனவன் தன்தன் வரிசையிலே." கிறிஸ்து முதற்பலன், சபை அறுப்பு, உபத்திரவ இரத்தசாட்சிகள் பின்னால் பொறுக்கும் கதிர்கள் என்று லேவியராகமத்தின் அறுப்பு முறையோடு இணைப்பார்கள்.

பவுல் அங்கே என்ன எழுதியிருக்கிறார் என்று எண்ணிப் பாருங்கள். கிறிஸ்து, "பின்பு அவர் வருகையில் அவருடையவர்கள்", "அதன்பின்பு முடிவு". கிறிஸ்துவுக்கும் அவருடையவர்களுக்கும் நடுவே ஏற்கெனவே ஏறக்குறைய 2000 வருஷம் கடந்துவிட்டதால், அடுத்த இடைவெளியில் ஆயிரம் வருஷம் அடங்காது என்று யாரும் அடித்துச் சொல்ல முடியாது. ஆனால் "அவருடையவர்கள்" ஒரே வரிசையாகத்தான் நிற்கிறார்கள். அவர்களை ஏழு வருஷம் தள்ளி இரண்டாகப் பிரிக்கும் கோடு இந்த வசனத்தில் இல்லை. 20-ஆம் நூற்றாண்டு வேத அறிஞர் ஜார்ஜ் எல்டன் லாட் போன்றவர்கள் ஆயிரவருட அரசாட்சியை ஏற்றுக்கொண்டே, உபத்திரவத்துக்குப்பின் ஒரே வருகை, விசுவாசிகளுக்கு ஒரே உயிர்த்தெழுதல் என்று நின்றதற்கு இப்படிப்பட்ட வாசிப்பே அடிப்படை.

நீங்களே சோதிக்க ஒரு வழி. தாளில் ஆறு கூட்டத்தை எழுதுங்கள்: சபை, பழைய ஏற்பாட்டுப் பரிசுத்தவான்கள், இரண்டு சாட்சிகள் (வெளிப்படுத்தல் 11-ல் கொல்லப்படும் இரு தீர்க்கதரிசிகள்), உபத்திரவ இரத்தசாட்சிகள், ஆயிரம் வருஷத்துக்குள் மரிக்கும் விசுவாசிகள், துன்மார்க்கர். ஒவ்வொன்றுக்கும் எதிரே, காலத்தைச் சொல்லும் வசனத்தை மட்டும் எழுதுங்கள். இரண்டு சாட்சிகளுக்கு வெளிப்படுத்தல் 11:11 நேராகக் கிடைக்கும். பழைய ஏற்பாட்டினருக்கு தானியேல் 12:1, 2 கிடைக்கும். அது இக்கட்டுக்காலத்தை ஒட்டி வருவதால், அவர்களைச் சபையோடு எழுப்புவதா, உபத்திரவத்துக்குப்பின் எழுப்புவதா என்று இரகசிய வருகைக்காரர்களுக்குள்ளேயே கருத்து பிரிகிறது. ஐந்தாவது கூட்டத்துக்கு எதிரே இடம் வெறுமையாகவே இருக்கும். அங்கே வசனத்துக்குப் பதில் ஊகத்தை எழுதாதீர்கள்.

கடைசியாக ஓர் எல்லைக்கோடு. உயிர்த்தெழுதல் நடந்தாயிற்று என்று போதித்த இமெநேயுவையும் பிலேத்துவையும் 2 தீமோத்தேயு 2:18 கண்டிக்கிறது. முதலாம் உயிர்த்தெழுதலை ஆத்துமாவுக்குரியதாகக் கொண்ட அகஸ்டின் மீது இந்த வசனத்தை எறிவது அநியாயம். வரப்போகும் சரீர உயிர்த்தெழுதலை அவர் உறுதியாக அறிக்கையிட்டார். கி.பி. 70-ல் எருசலேம் அழிந்தபோதே எல்லாம் நிறைவேறிவிட்டது, இனி உயிர்த்தெழுதல் இல்லை என்பவர்களுக்குத்தான் அது பொருந்தும்.