ரைசு வேறு, கோஹான் வேறு
(டோக்கியோ பொங்கல் விழாவில் பேசியது)

அவைத்தலைவர் அவர்களே, தமிழ் புரியாமலே இரண்டு மணி நேரமாகப் புன்னகையோடு உட்கார்ந்திருக்கும் ஜப்பானிய நண்பர்களே, எப்போது கேட்டாலும் முகம் சுளிக்காமல் மண்டபச் சாவி தரும் காவலர் ஐயா அவர்களே, சர்க்கரைப் பொங்கல் கிளறிய தாய்மார்களே, வணக்கம். யாரையாவது விட்டிருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். போன வருடம் பொருளாளரை விட்டுவிட்டு இன்னும் பேச்சு வாங்குகிறேன்.

வாயுள்ள பிள்ளை பிழைக்கும் என்பார் என் அப்பா. மூன்று செய்தி சொல்ல வந்தேன்: ஹோட்டல் மெனுச் சொற்கள் எங்கிருந்து வந்தன, தட்டுகள் எந்த வரிசையில் வரும், நாம் என்ன செய்ய வேண்டும்.

ரொட்டிக்கு இங்கே பான். 16ஆம் நூற்றாண்டில் போர்ச்சுகீசியர் விட்டுப்போன சொல். முன்வரிசை யாழ்ப்பாணத்துக்காரர்கள் சிரிக்கிறார்கள், அவர்கள் ஊர்ப் பாணும் போர்ச்சுகீசியரிடம் வாங்கியதுதானே! விருந்தின் முதல் தட்டு ஓடோபுரு, பிரெஞ்சுச் சொல். இப்போது வருடக் கடைசியில் சூப்பர் மார்க்கெட்டில் வறுத்த கோழியும் இறாலும் அடுக்கி விற்கிற பெரிய தட்டுக்கும் அதே பெயர். சோறு கிண்ணத்தில் வந்தால் கோஹான், மேல்நாட்டுச் சாப்பாட்டோடு தட்டில் வந்தால் ரைசு. அரிசி ஒன்றுதான்!

நான் வந்த புதிதில், சனிக்கிழமை எல்லோரும் பைக்கிங்கு போகிறோம், வருகிறீர்களா என்றார் சக ஊழியர். வாயுள்ள பிள்ளையாச்சே, உடனே சரி என்றேன். பக்கத்து வீட்டில் சைக்கிள் இரவல், தலையில் ஹெல்மெட், முட்டிக்கு உறை, முதுகுப் பையில் எலுமிச்சை சாதப் பொட்டலம் என்று வியர்க்க விறுவிறுக்க மிதித்துப் போனால், முகவரியில் இருந்தது ஒரு பெரிய ஹோட்டல். வாசலில் எல்லோரும் கோட்டு சூட்டில் நிற்கிறார்கள், எங்கள் மேலாளர் என் முட்டியையே பார்க்கிறார். யாரும் சிரிக்கவில்லை, அதுதான் கொடுமை. 1958இல் டோக்கியோ இம்பீரியல் ஹோட்டல், வேண்டியமட்டும் எடுத்துச் சாப்பிடும் ஸ்காண்டிநேவிய பாணி விருந்தைத் தொடங்கி வைக்கிங் என்று பெயர் வைத்ததாம். அந்த வைக்கிங்தான் ஜப்பானிய வாயில் பைக்கிங்கு! பஃபேக்கு இன்றும் அதுதான் பேச்சு. பொட்டலத்தை ராத்திரி வீட்டில் பிரித்தேன், கொஞ்சம் புளித்திருந்தது.

அழைப்பிதழில், வெளிநாட்டுச் சொற்களை ஜப்பானியர் எழுதும் கதகானா எழுத்தில் அது தெளிவாகத்தான் இருந்தது, எனக்குப் படிக்கத் தெரியவில்லை. வந்திறங்கியதும் எல்லோரும் காஞ்சி என்கிற, சீனாவிலிருந்து வந்த எழுத்துகளில் போய் மோதுகிறீர்கள், கதகானாவை முதலில் படியுங்கள் என்று வருடா வருடம் கத்துகிறேன். அடிப்படை எழுத்து 46தான், 247 படித்த நமக்கு இது எம்மாத்திரம்? வாயுள்ள பிள்ளைக்குக் கண்ணும் வேண்டாமா?

மணி அடித்துவிட்டார்கள், தட்டு வரிசையை அப்புறம் பார்ப்போம். ஞாயிறு காலை பத்து மணிக்கு மாடி அறையில் இலவச கதகானா வகுப்பு. சைக்கிளில் வருகிறவர்கள் பின்பக்கம் நிறுத்துங்கள்.