நத்தார் மரத்தை உடன எறியாதேங்கோ

வணக்கம் நேயர்களே. ஜனவரி பிறந்தா ரொறன்ரோ ஸ்காபரோவில எந்த ரோட்டால போனாலும் பாப்பியள், வாசலுக்கு வாசல் கிறிஸ்மஸ் மரம் படுத்துக் கிடக்கும், சிட்டி லொறி வந்து ஏத்திக்கொண்டு போகும். அரைச்சு மரத்தூளாக்கினம், அது நல்ல விஷயந்தான். ஆனா அந்த மரத்துக்கு இன்னும் மூண்டு மாச வேலை இருக்குது எண்டு சொல்லத்தான் நான் இண்டைக்கு வந்தனான்.

சிக்கடி எண்டொரு குருவி இருக்குது, கறுப்புத் தொப்பி போட்ட மாதிரித் தலை. பாரம் 11 கிராம் மட்டில, மூண்டு தேக்கரண்டி சீனி எண்டு வையுங்கோவன். இது குளிருக்குத் தெற்க போறேல்ல, இங்கதான் நிக்கும். பகல் முழுக்கத் திண்டு சேர்த்த கொழுப்பை ராவில எரிச்சுத்தான் உயிரைப் பிடிச்சு வைக்குது, அதுவும் காணாதெண்டு உடம்புச் சூட்டையே ஒரு 10 பாகை அளவுக்கு இறக்கிப்போட்டுக் கிடக்கும். விடியவே சாப்பாடு கிடைக்காட்டி அதுக்கு அடுத்த ரா இல்லை. மைனஸ் 20இல காத்தடிக்கிற ராவில எங்கட ஜன்னலுக்கு வெளியால இது நடக்குது எண்டு நினைச்சா எனக்கு நித்திரை வாறேல்ல, உண்மையாத்தான் சொல்லுறன்.

அதாலதான் மரம். தீனிப்பெட்டி வாங்கித் தூக்கினா சாப்பாடு கிடைக்கும், ஆனா காத்துக்கு ஒதுங்க இடம் கிடையாது, பருந்து வந்தா ஒளிக்கவும் இடமில்லை. நத்தார் மரத்தின்ர அடர்ந்த கொப்பு ரெண்டையும் குடுக்கும். முதல்ல சோடினை எல்லாம் கழட்டுங்கோ, மினுக்கு நூல், கொழுவுற கம்பி ஒண்டுகூட மிஞ்சக் கூடாது, குருவியின்ர காலில சிக்கும். வெள்ளை ஸ்ப்ரே அடிச்ச மரமெண்டா குருவிக்கு வேண்டாம், விட்டிடுங்கோ. பிறகு பின்வளவில வேலியோட சாத்தி, காத்துக்கு விழாம கயித்தால கட்டுங்கோ. வீட்டுச் சுவரோட மட்டும் வைக்காதேங்கோ, காய்ஞ்ச மரம் நெருப்புப் பட்டா குபீரெண்டு பிடிக்கும்.

பைன் காய்க்கு உப்பில்லாத பீநட் பட்டரைப் பூசி, கறுத்தச் சூரியகாந்தி விதையில உருட்டிக் கொப்பில கட்டுங்கோ. உப்பில்லாத கச்சானும் நல்லது. மாட்டுக்கொழுப்புத் துண்டு தூக்கினா சின்ன மரங்கொத்தியும் வரும். பாண் போடாதேங்கோ, வயிறு நிரம்புமே தவிர சத்தில்லை. கதவில கொழுவின நத்தார் இலை வளையத்தையும் எறியாம அதிலயும் விதை கட்டலாம்.

நோர்வேயில நத்தாருக்கு ஓட்ஸ் கதிரைக் கட்டாக் கட்டிக் குருவிக்கெண்டே வெளியால தூக்கிற வழக்கம் இருக்குது, ஜூலெநெக் எண்டு பேர். அதைக் கேள்விப்பட்ட நேரம் ஊரில அம்மா விரதச் சோறு படைச்சு முதல் பிடியைக் காகத்துக்கு வைச்சிட்டு, அது வந்து எடுக்குமட்டும் எங்களைச் சாப்பிட விடாம வைச்சிருந்ததுதான் நினைவுக்கு வந்தது.

பிள்ளையளை ஜன்னலடியில இருத்தி வாற குருவியளை எண்ணச் சொல்லுங்கோ. ஃபீடர்வாட்ச் எண்ட குருவிக் கணக்கெடுப்புக்கு அதை அனுப்பலாம், 1976இல எங்கட ஒன்டாரியோவில, லோங் பொயின்டில தொடங்கின வேலை அது, நவம்பரில இருந்து ஏப்ரல் மட்டும் நடக்கும். சிவப்புக் கார்டினலைப் பிள்ளையள் உடன கண்டுபிடிப்பினம். மரத்துக்குக் கீழ ஸ்னோவில சிந்தின விதையைப் பொறுக்கிற சாம்பல் குருவி ஜங்கோ, அது வடக்கால வந்த விருந்தாளி, வசந்தம் வரத் திரும்பிப் போகும்.

அது போனாப் பிறகுதான் நான் கொப்பு வெட்டக் கத்தியை எடுக்கிறனான்.