எழுநூறு பேரும் ஒரு செயற்கைக்கோளும்

நேயர்களுக்கு வணக்கம்.

தொலைக்காட்சி நிலையத்தைத் தொடங்க ஒருமுறை பணம் போதும். நடத்துவதற்கு மாதாமாதம் வேண்டும். சமய நிலையங்கள் பல தடுமாறுவது இந்த இரண்டாவதில்தான். அமெரிக்காவின் சி.பி.என். கிறிஸ்தவ ஒளிபரப்பு நிறுவனம் வளர்ந்த விதத்தைக் கவனித்தால் இது விளங்கும்.

வர்ஜீனியா மாநிலத்தின் போர்ட்ஸ்மவுத் நகரில் மூடிக் கிடந்த நிலையம் ஒன்றை, சி.பி.என்.னை நிறுவிய கிறிஸ்தவப் போதகர் பாட் ராபர்ட்சன் வாங்கினார். 1961 அக்டோபர் 1 அன்று 27ஆம் சேனலில் ஒளிபரப்பு தொடங்கியது.

அந்த 27 என்ற எண்தான் முதல் தலைவலி. தொலைக்காட்சி அலைவரிசைகளில் 2 முதல் 13 வரை வி.எச்.எஃப். (குறைந்த அதிர்வெண்), 14 முதல் யு.எச்.எஃப். (கூடிய அதிர்வெண்). அன்று வீடுகளில் இருந்த பெட்டிகள் பலவற்றில் 13க்கு மேல் திருப்பவே முடியாது. யு.எச்.எஃப். சிக்னலைப் பெட்டிக்கு ஏற்ப மாற்றித் தரும் கன்வெர்ட்டரைத் தனியாக வாங்கி, அதற்கேற்ற ஆன்டெனாவும் கட்ட வேண்டும். யு.எச்.எஃப்.பின் அலைநீளம் குறைவு என்பதால் மேடும் கட்டடமும் மரமும் சிக்னலைக் கூடுதலாக மறிக்கும்; ஆன்டெனாவிலிருந்து இறங்கும் வயரிலும் இழப்பு அதிகம். வி.எச்.எஃப். எட்டும் தூரத்தை எட்ட, பல மடங்கு சக்தி செலுத்த வேண்டும். இத்தகைய நிலையங்கள் மலிவாகக் கிடைத்ததற்குக் காரணமே இதுதான். 1962இல் சட்டம் வந்து, 1964 முதல் புதிய பெட்டிகளில் யு.எச்.எஃப். ட்யூனர் கட்டாயமானது. பழைய பெட்டிகள் கழிந்து புதியவை வரும்வரை தாக்குப்பிடித்தாக வேண்டுமே!

அதற்கு வழி 1963இல் கிடைத்தது. மாதச் செலவு சுமார் 7,000 டாலர். மாதம் 10 டாலர் தர 700 பேர் முன்வர வேண்டும் என்று ஒளிபரப்பிலேயே கேட்டார்கள். சி.பி.என்.னின் முக்கிய நிகழ்ச்சியான ‘700 கிளப்’பின் பெயர் இதிலிருந்து வந்ததுதான். பெரிய நன்கொடையாளர் ஒருவரை நம்பினால், அவர் விலகும் நாளில் நிலையமே நின்றுவிடும். இங்கே 70 பேர் விலகினாலும் குறைவது பத்தில் ஒரு பங்குதான். ஆனால் தொலைபேசியில் ஒப்புக்கொண்ட தொகை முழுதும் கைக்கு வராது. மாதந்தோறும் கடிதம் போட்டு நினைவூட்ட ஆட்கள் வேண்டும். இதைக் கணக்கில் சேர்க்காத அமைப்புகள் அறிவித்த தொகையை நம்பிச் செலவு செய்து கடனில் விழும்.

அடுத்த பாய்ச்சல் 1977 ஏப்ரல் 29: அன்று சி.பி.என். செயற்கைக்கோள் வழியாகக் கேபிள் சேனல் ஒன்றைத் தொடங்கியது. அதற்கு முன் வெளியூர் நிலையங்களுக்கு நிகழ்ச்சிகளின் வீடியோ நாடாச் சுருள்களைப் பிரதியெடுத்து அனுப்ப வேண்டியிருந்தது. நிலையம் கூடக்கூடச் செலவும் கூடும். செயற்கைக்கோளில் ஏற்றிவிட்டால் பத்துப் பேர் வாங்கினாலும் ஆயிரம் பேர் வாங்கினாலும் வாடகை ஒன்றுதான். முந்தைய டிசம்பரில்தான் செயற்கைக்கோள் சிக்னலைத் தரையில் பெறும் டிஷ் ஆன்டெனாவின் குறைந்தபட்ச அளவு 9 மீட்டரிலிருந்து 4.5 மீட்டராகத் தளர்த்தப்பட்டிருந்தது; சிறு ஊர்க் கேபிள்காரர்களுக்கும் அது கைக்கெட்டியது. மார்ச், செப்டம்பர் ஒட்டிய நாள்களில் சூரியன் செயற்கைக்கோளுக்கு நேர் பின்னால் வரும் சில நிமிடங்களுக்குப் படம் இரைச்சலாகும். அதற்கு டிஷ்ஷைக் குறை சொல்வதில் பயனில்லை.

பிறகு அந்தச் செயற்கைக்கோள் சேனல் குடும்பப் பொழுதுபோக்குக்கு மாறி லாபம் ஈட்டியது. வரிவிலக்கு பெற்ற சமய ஊழியத்துக்குள் அவ்வளவு லாபம் இருப்பது சட்டச் சிக்கலாகவே, 1990இல் தனி நிறுவனமாகப் பிரித்தார்கள். 1997இல் அது சுமார் 190 கோடி டாலருக்குக் கைமாறியது. அந்தத் தொகையைவிட ஒப்பந்தத்தில் இருந்த ஒரு நிபந்தனையையே நான் பெரிதாக மதிக்கிறேன்: உரிமையாளர் மாறினாலும் ‘700 கிளப்’ அந்தச் சேனலில் தொடர வேண்டும். ஃபாக்ஸ், டிஸ்னி என்று கை மாறி, பெயரும் மூன்று முறை மாறிய பின்னும் அது தொடர்ந்தது.