முகூர்த்தம் இருக்கிறது, பெண்ணைக் கேட்டீர்களா?

நேயர்களுக்கு வணக்கம்.

கல்யாணத்துக்கு நாள் குறிப்பது பற்றிப் பேச வேண்டும் என்று வானொலி நிலையத்திலிருந்து அழைத்தபோது, "நான் ஜோசியக்காரி இல்லையே" என்றேன். முப்பது வருஷம் கணக்குப் பாடம் நடத்தி ஓய்வு பெற்றவள். ஆனால் கணக்கு டீச்சர் என்றால் பஞ்சாங்கமும் தெரிந்திருக்கும் என்று எங்கள் தெருவில் எப்படியோ முடிவு கட்டிவிட்டார்கள். சம்பந்தம் பேசி முடித்த கையோடு, சுவரில் மாட்டியிருந்த தினசரி காலண்டரைக் கழற்றி இடுக்கிக்கொண்டு வந்துவிடுவார்கள். "டீச்சர், இந்த நாள் எப்படி இருக்குன்னு பாருங்க."

நான் முதலில் கேட்பது ஒன்றுதான். பெண்ணைக் கேட்டீர்களா?

பெண்ணைப் பிடித்திருக்கிறதா என்று கேட்டதைச் சொல்லவில்லை. தேதியைக் கேட்டீர்களா? இப்படிக் கேட்டால் ஒரு மாதிரி பார்ப்பார்கள். இந்தக் கேள்விக்குப் பின்னால் எங்கள் வீட்டுக் கதை ஒன்று இருக்கிறது. அதற்கு முன்னால் பஞ்சாங்கத்தைக் கொஞ்சம் பிரித்துவிடுகிறேன். காகிதம் பென்சில் வேண்டாம், விரல் போதும்.

திதி, வாரம், நட்சத்திரம், யோகம், கரணம் என்று ஐந்து அங்கம், அதனால் பஞ்சாங்கம். இதில் திதி என்பது சூரியனுக்கும் சந்திரனுக்கும் நடுவிலுள்ள தூரம். சந்திரன் சூரியனை விட்டு 12 பாகை விலகினால் ஒரு திதி முடிந்தது. சந்திரன் எப்போதும் ஒரே வேகத்தில் ஓடுவதில்லை. அதனால் ஒரு திதி 24 மணி நேரத்துக்குக் குறைந்தும் போகும், கூடியும் போகும். காலை ஏழு மணிக்கு முடியும், ராத்திரி இரண்டு மணிக்கும் முடியும். "அன்றைக்குத் தசமி" என்று மொட்டையாகச் சொன்னால் போதாது, எத்தனை மணி வரைக்கும் தசமி என்று பார்க்க வேண்டும். அஷ்டமி, நவமி என்று பயந்து ஒரு நாள் முழுவதையும் தள்ளுகிறவர்கள், அது காலை ஆறரைக்கே முடிந்துவிட்டது என்று பார்ப்பதில்லை.

நட்சத்திரத்துக்கு வருகிறேன். இருபத்தேழில் கல்யாணத்துக்கு ஆகும் என்று வழக்கமாகச் சொல்பவை பதினொன்று. ரோகிணி, மிருகசீரிடம், மகம், உத்திரம், அஸ்தம், சுவாதி, அனுஷம், மூலம், உத்திராடம், உத்திரட்டாதி, ரேவதி. காலண்டரில் சுபமுகூர்த்தம் என்று அச்சடிக்கிறார்களே, அது ஊருக்கெல்லாம் பொதுவாகப் போட்டது. உங்கள் வீட்டுப் பெண்ணின் நட்சத்திரம் காலண்டர் போட்டவருக்குத் தெரியுமா?

ஒரு பெண்ணுக்குப் பூச நட்சத்திரம் என்று வையுங்கள். காலண்டர் காட்டும் முகூர்த்த நாளில் மகம். விரல் விட்டு எண்ணுங்கள். பூசம் ஒன்று, ஆயில்யம் இரண்டு, மகம் மூன்று. பிறந்த நட்சத்திரத்திலிருந்து எண்ணி வரும்போது மூன்று, ஐந்து, ஏழு ஆகாது என்பது தாராபலக் கணக்கு. ஒன்பதுக்கு மேல் போனால் மறுபடி ஒன்றிலிருந்து. அந்தப் பெண்ணுக்கு மகம் மூன்றாவது, போயிற்று. மூலம் பன்னிரண்டாவது, ஒன்பது போக மூன்று, அதுவும் போயிற்று. இப்படியே எண்ணினால் உத்திரம், உத்திராடம், மிருகசீரிடமும் போகும். பதினொன்றில் ஐந்து காலி! ஆனால் ரோகிணி? பூசத்திலிருந்து 24 வரும். இரண்டு ஒன்பது பதினெட்டைக் கழித்தால் ஆறு. நல்ல நாள். இதே கணக்கைப் பையனுக்கும் போட வேண்டும். அப்புறம் இருவருக்கும் சந்திராஷ்டமம், அதாவது பிறந்த ராசிக்கு எட்டாவது ராசியில் சந்திரன் நிற்கும் நாள், இல்லாமல் பார்க்க வேண்டும். அது மாதத்துக்கு இரண்டேகால் நாள்தான்.

நான் எதற்கு இவ்வளவு சொல்கிறேன் என்றால், சாஸ்திரம் பார்க்கிறேன் என்று சொல்கிறவர்கள்கூட சாஸ்திரத்தை முழுதாகப் பார்ப்பதில்லை. காலண்டரில் முகூர்த்தம், அதுவும் வளர்பிறை, அதுவும் ஞாயிற்றுக்கிழமை என்று எல்லோரும் ஒரே நாளில் போய் விழுகிறார்கள். மண்டபம் கிடைக்காது, சமையல்காரர் கிடைக்கமாட்டார், நாதஸ்வரக்காரர் ஒரே காலையில் இரண்டு இடத்துக்கு ஓடுவார். நமக்கும் ஒரே நாளில் நாலு பத்திரிகை வந்து, எங்கே முகத்தைக் காட்டுவது, எங்கே மொய்யை மட்டும் கொடுத்தனுப்புவது என்று தவிக்கிறோம் இல்லையா?

ராகு காலத்தையும் ஒரு வார்த்தை சொல்லிவிடுகிறேன், என்னால் சும்மா இருக்க முடியாது. வெள்ளிக்கிழமை பத்தரை முதல் பன்னிரண்டு என்று சின்னக் குழந்தையும் சொல்லும். சூரியன் ஆறு மணிக்கு உதித்து ஆறு மணிக்கு மறைவதாக வைத்துக்கொண்டு போட்ட கணக்கு அது. பகல் பொழுதை எட்டாகப் பங்கு போட்டால் வெள்ளிக்கிழமைக்கு நாலாவது பங்கு. ஜனவரி நடுவில் சென்னையில் சூரியன் ஆறரைக்குப் பிறகுதான் எட்டிப் பார்க்கிறது. அப்படியானால் அந்த நாலாவது பங்கு தொடங்கும்போது மணி பதினொன்று ஆகப் பத்து நிமிஷம்கூட இருக்காது. பத்து இருபத்தொன்பதுக்குள் தாலி ஏற வேண்டும் என்று ஐயரை விரட்டுகிறவர்களைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு இந்தக் கணக்கு ஞாபகம் வரும். வாயைத் திறக்கமாட்டேன். அந்த நேரத்தில் திறந்தால் அடி விழும்.

கதைக்கு வருகிறேன். என் தங்கைக்குக் கல்யாணம் பேசியபோது நடந்தது. மாப்பிள்ளை வீட்டார் வந்து கூடத்தில் உட்கார்ந்திருக்கிறார்கள். பஞ்சாங்கத்தில் இரண்டு வகை உண்டு; அவர்கள் பார்ப்பது திருக்கணிதம், நாங்கள் பார்ப்பது வாக்கியம். இரண்டிலும் திதி முடிகிற நேரம் சில சமயம் மணிக்கணக்கில் வித்தியாசப்படும். இரண்டு பக்கத்துப் பெரியவர்களும் மடியில் ஆளுக்கொரு பஞ்சாங்கம். வாக்கியத்தில் இருப்பது நாழிகை, திருக்கணிதத்தில் மணி. ஒரு நாழிகை 24 நிமிஷம். அதைப் பெருக்கிச் சொல்ல என்னைக் கூப்பிட்டுக் கூப்பிட்டு விடுகிறார்கள். ஒன்றரை மணி நேரம் மல்லுக்கட்டி, இரண்டு பஞ்சாங்கமும் ஒத்துக்கொள்கிற ஒரு நாளைப் பிடித்துவிட்டார்கள். எல்லோருக்கும் பெரிய நிம்மதி. பெரியப்பா அடுத்த காபிக்குக் குரல் கொடுத்தார்.

அடுக்களைக்குப் போனேன். தங்கை என் முந்தானையைப் பிடித்து இழுத்தாள். "அக்கா, அந்தத் தேதி எனக்குச் சரிவராது." அவ்வளவுதான் சொன்னாள். எனக்குப் புரிந்துவிட்டது. இதைக் கேட்டுக்கொண்டிருக்கும் பெண்களுக்கும் புரிந்திருக்கும். கூடத்தில் பதினாலு ஆண்கள், இரண்டு பஞ்சாங்கம், சந்திரன் எந்தப் பாகையில் நிற்கிறான் என்று கண்டுபிடித்தார்கள். மணையில் உட்காரப் போகிறவளுக்கு அந்த நாள் வீட்டுக்குத் தூரமாக இருக்குமா என்று கேட்க ஒருவருக்கும் தோன்றவில்லை. தோன்றியிருந்தாலும் கேட்டிருக்கமாட்டார்கள்.

அப்பத்தாவிடம் போய்க் காதில் சொன்னேன். அப்பத்தா வெற்றிலையை மென்றபடியே எழுந்து, கூடத்து வாசற்படியில் நின்றது. "அந்தத் தேதி வேணாம்ப்பா. அன்னைக்கு உங்கய்யாவுக்குத் தெவசம் வருது."

கூடமே அமைதியாகிவிட்டது. பெரியப்பா நிமிர்ந்து பார்த்தார். தாத்தாவுக்கு வருஷா வருஷம் தெவசம் கொடுக்கிறவரே அவர்தான்! தாத்தா போனது ஐப்பசியில். நாங்கள் பேசிக்கொண்டிருந்தது வைகாசி. கையில் பஞ்சாங்கம் வேறு. அப்பத்தா கண் இமைக்காமல் மகனையே பார்த்துக்கொண்டு நின்றது. பெரியப்பா இரண்டு நொடி யோசித்தார். பஞ்சாங்கத்தை மூடினார். "ஆமா, நான் மறந்தே போனேன். அடுத்த முகூர்த்தம் பார்ப்போம்" என்றார்.

பன்னிரண்டு நாள் தள்ளி வைத்தார்கள். மாப்பிள்ளை வீட்டார் இன்றைக்கு வரைக்கும் எங்கள் தாத்தா வைகாசியில் போனார் என்றுதான் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள்.

அன்றைக்கு அப்பத்தா ஒரு பொய் சொல்ல வேண்டியிருந்தது. இப்போது பொய்க்கும் அவசியமில்லை, மாத்திரை இருக்கிறது என்கிறார்கள். டாக்டரைக் கேட்காமல் மருந்துக்கடையில் ஒரு அட்டை வாங்கிப் பெண் கையில் கொடுத்துவிடுகிறார்கள். மாத்திரையை நான் குறை சொல்லவில்லை. தேதி குறிக்கும் முன்னால் ஒரு வார்த்தை கேட்டால் அது தேவையே இல்லையே என்கிறேன். அப்படியும் வேண்டும் என்றால் டாக்டரிடம் போய்விட்டு வாருங்கள்.

இன்னொன்று. நாள் பார்ப்பது நேற்று வந்த பழக்கம் இல்லை. அகநானூற்றில் 86, 136 என்று இரண்டு பாட்டில் கல்யாணம் வருகிறது. 136-ஆம் பாட்டில் சந்திரன் சகடத்தோடு சேர்ந்த நாள் என்று இருக்கிறது. சகடம் என்றால் வண்டி, ரோகிணிக்குப் பழைய பெயர். சிலப்பதிகாரத்தில் கண்ணகி கல்யாணமும் அதே ரோகிணியில்தான். தை மாதத்தில் முன்னிரவு மொட்டைமாடிக்குப் போங்கள், உச்சிப் பக்கமாகக் கொஞ்சம் சிவந்த நட்சத்திரம் ஒன்று தெரியும், ரோகிணி. இருபத்தேழு நாளைக்கு ஒருமுறை சந்திரன் அதன் பக்கத்தில் வந்து நிற்கும். எனக்கு இதில் பிடித்தது வேறு. அந்த 86-ஆம் பாட்டில் இருட்டு விலகும் காலையில் மணப்பெண்ணை நீராட்டி வாழ்த்துகிறவர்கள் யார் தெரியுமா? பிள்ளை பெற்ற நான்கு பெண்கள். தண்ணீர்க் குடம் சுமந்து வருவதும் முதிய பெண்கள்தான். அப்பத்தாக்கள்!

மாதம் பார்ப்பதிலும் மனுஷர் கணக்கு இருந்தது. ஆடி விதைக்கிற மாதம், ஆளும் கிடையாது, கையில் காசும் கிடையாது. தையில் அறுப்பு முடிந்து நெல் வீடு வரும். இன்றைக்கு நம்மில் பலருக்கு வயல் இல்லை. பெண்ணுக்குப் பரீட்சை எப்போது, பையனுக்கு லீவு எப்போது, அண்ணன் வெளிநாட்டிலிருந்து எந்த வாரம் வரமுடியும், நிறைமாத அக்காவுக்கு டாக்டர் சொன்ன தேதி எது? இதையெல்லாம் முதலில் எழுதிக்கொண்டு, அதற்குள் விழுகிற நல்ல நாளைத் தேடுங்கள். பெரும்பாலும் கிடைக்கும்.

நாளே பார்க்க வேண்டாம் என்றவர்களும் நம் ஊரில்தான் இருந்தார்கள். 1928-ல் அருப்புக்கோட்டைக்குப் பக்கத்தில் சுக்கிலநத்தத்தில் பெரியார் முதல் சுயமரியாதைத் திருமணத்தை நடத்திவைத்தார். பின்னால் ராகு காலத்திலேயே தாலி கட்டியவர்கள் உண்டு. 1967-ல் அண்ணா முதலமைச்சராக இருந்தபோது சட்டமன்றம் அந்தத் திருமணங்களுக்குச் சட்டமும் போட்டது. இதைப் பற்றி விரிவாகச் சொல்ல வேண்டும் என்று நாலு பக்கம் எழுதி வந்தேன். ராகு காலக் கணக்கிலேயே பாதி நேரத்தைத் தின்றுவிட்டேன். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் கையைக் காட்டுகிறார்கள்.

ஒன்றே ஒன்று, அவசரமாக. கல்யாணம் நடந்த தேதியிலிருந்து 90 நாளுக்குள் பதிவு செய்ய வேண்டும், 2009-ல் வந்த தமிழ்நாட்டுச் சட்டம். தவறினால் கூடுதல் கட்டணம் கட்டி இன்னும் 60 நாள். அந்த அலுவலகத்துக்குப் போகவும் நல்ல நாள் பார்த்துக்கொண்டே நாளைக் கடத்திவிட்டு, என்னிடம் வந்து நின்ற தம்பதி உண்டு. அந்தக் கதைக்கு நேரமில்லை. வணக்கம்.